அடிக்க விரும்பாத பலசாலி: ரூனே அந்திரேயாசோனும் அவருடைய பாம்சேயும்

கேள்வி இதுதான்: "ஸ்வீடனில் பாம்சே என்றொரு கரடி காமிக்ஸ் எல்லா வீட்டிலும் இருக்கும் என்கிறார்கள். தேன் குடித்தால் கரடிக்குப் பலம் வருமாம். கீரை தின்னும் பொப்பாயின் நகல்தானே இது? வரைந்தவர் யார், வேறென்ன செய்தார்?"

நகல் இல்லை. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பொப்பாய்க்குக் கீரை, பிரெஞ்சு காமிக்ஸ் வீரன் ஆஸ்டெரிக்ஸுக்கு மூலிகைக் கஷாயம், பாம்சேவுக்குத் தேன். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒரே சரக்கு. பொப்பாய் 1929இல் வந்துவிட்டார், ஆஸ்டெரிக்ஸ் 1959இல். பாம்சே வந்தது 1966இல்தான். ஆனால் பலம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள், அங்கேதான் பாதை பிரிகிறது. பொப்பாய் டப்பாவைத் திறந்தால் அடுத்த கட்டத்தில் எதிராளி காற்றில் பறப்பான், நாமும் அதற்காகத்தான் காத்திருப்போம். பாம்சே தேனைக் குடித்த பிறகும் சண்டையைத் தவிர்க்கத்தான் பார்ப்பான். அப்படி ஒரு கதாநாயகனை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகளுக்குக் குழந்தைகளைக் கட்டிப்போட முடிந்தது என்பதுதான் ரூனே அந்திரேயாசோனின் சாதனை.

அவர் பிறந்தது 1925 ஆகஸ்ட் 11. ஊர் லின்டூமே, மேற்குக் கரையில் கோத்தன்பர்க் நகருக்குத் தெற்கே இருக்கிறது. பாம்சே பிறந்தபோது அவருக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கும் மேலாக அவர் வரைந்துகொண்டே இருந்தார். பலர் இதைச் சொல்வதே இல்லை, ஏதோ ஒரே நாளில் கரடி உதித்துவிட்டதுபோல எழுதுகிறார்கள். 1940களில் அவருடைய தொடக்கமே 'ப்ரும்' என்ற கரடிதான். பிறகு 1950களில் செய்தித்தாளில் 'குட்டி ரிக்கார்டும் அவன் பூனையும்' என்ற தொடர். ஒரு சின்னப் பையனும் அவனுடைய பூனையும் ஊர் ஊராகப் போகிற கதை. அப்புறம் 'டெடி' என்று இன்னொரு கரடி. பிறகு 'பெல்லேஃபான்ட்', நீல நிறப் பொம்மை யானை. இந்த யானை ஓரளவு நன்றாகவே போனது, 1960களில் தனி இதழாகவும் வந்தது. பெல்லேஃபான்ட்டோடு அவர் நின்றிருந்தாலும் ஸ்வீடன் காமிக்ஸ் வரலாற்றில் ஒரு பத்தி அவருக்குக் கிடைத்திருக்கும்.

இந்தப் பழைய வேலைகளைப் பார்த்தால் ஒன்று புரியும். அவர் ஆரம்பத்திலிருந்தே மிகச் சிறிய குழந்தைகளுக்குத்தான் வரைந்தார். பள்ளிக்கூடப் பையன்களுக்கான துப்பாக்கிச் சாகசம் பக்கமோ, பெரியவர்களுக்கான அரசியல் கேலிச்சித்திரம் பக்கமோ அவர் போகவில்லை. இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத, அம்மாவோ அப்பாவோ மடியில் வைத்துப் படித்துக் காட்ட வேண்டிய வயதுதான் அவருடைய வாசகர் கூட்டம். அதாவது, ஒரே பக்கத்தைக் குழந்தையும் பார்க்கும், பெரியவரும் பார்ப்பார். இரண்டு பேருக்கும் அது சரியாக இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்குச் சரியாக இருப்பது அந்தக் காலத்தில் சுலபமில்லை. 1950களில் காமிக்ஸ் என்றாலே பெற்றோர்களும் ஆசிரியர்களும் முகம் சுளித்தார்கள். அமெரிக்காவில் நடந்த அதே கூச்சல் ஸ்வீடனிலும் நடந்தது. 1954இல் நில்ஸ் பேயெரூட் என்ற மருத்துவர், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். (இதே பேயெரூட்தான் பின்னாளில் 1973இல் ஸ்டாக்ஹோம் வங்கிக் கொள்ளையின்போது போலீசுக்கு ஆலோசகராக இருந்து, பிணையாளிகள் தங்களைப் பிடித்துவைத்தவர்கள் மேலேயே பரிவு கொள்வதைக் குறிக்க இன்று உலகமே சொல்கிற 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்ற கருத்துக்குக் காரணமானவர்.) அந்தப் புத்தகம் பரபரப்பாகப் பேசப்பட்ட வருடங்களில் அந்திரேயாசோன் பூனையையும் கரடியையும் வரைந்துகொண்டிருந்தார். தன் தொழிலையே விஷம் என்று சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, குழந்தையின் கையில் நம்பிக் கொடுக்கக்கூடிய காமிக்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க அவருக்கு நிறையக் காரணம் இருந்தது.

1966இல் பாம்சே இரண்டு வழியாக ஒரே நேரத்தில் வந்தான். ஒன்று 'அல்லெர்ஸ்' என்ற குடும்ப வார இதழில் காமிக்ஸாக, இன்னொன்று தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளைக் குறும்படங்களாக. அன்று ஸ்வீடனில் ஒரே ஒரு டிவி சேனல்தான், இரண்டாவது வந்தது 1969 டிசம்பரில். ஆகவே ஒரு குழந்தை பார்த்ததை நாட்டிலிருந்த எல்லாக் குழந்தைகளும் பார்த்தார்கள். 70களின் தொடக்கத்தில் வண்ணத்தில் இன்னும் சில படங்கள் வந்தன. அவற்றில் கதை சொல்லும் குரல் நடிகர் ஓலோஃப் துன்பர்க்குடையது. அடித்தொண்டையிலிருந்து வரும் நிதானமான குரல், கேட்டால் மறக்காது. காலநிலைக்காகப் போராடும் கிரேட்டா துன்பர்க் இவருடைய பேத்திதான். 1973இல் பாம்சேவுக்குத் தனி இதழ் தொடங்கியது. இன்றுவரை அது நிற்கவில்லை.

சரி, அந்தத் தேனுக்கு வருவோம். அதன் பெயரை 'இடித்தேன்' என்று சொல்லலாம், இடி முழக்கத்தின் இடி. உயரமான மலைமேல் தனியாக வசிக்கும் பாட்டி காய்ச்சித் தருவது. இதில் அந்திரேயாசோன் வைத்த விதி ஒன்று இருக்கிறது, அதுதான் மொத்தக் கதையின் அச்சாணி: இந்தத் தேன் பாம்சேவுக்கு மட்டும்தான் பலம் தரும். வேறு யார் குடித்தாலும் மூன்று நாள் வயிற்றுவலி.

இந்த விதி சாதாரணமாகத் தெரியும், ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆஸ்டெரிக்ஸின் கஷாயம் ஊரில் எல்லாருக்கும் வேலை செய்யும். அதனால் அதைத் திருட வருபவர்கள், அதன் செய்முறைக்காகப் பூசாரியைக் கடத்துபவர்கள் என்று கதை ஓடும். இடித்தேனைத் திருடிப் பிரயோஜனமில்லை. திருடிக் குடித்த வில்லன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவான், ஐந்து வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். பலத்துக்காகப் போட்டி போடுகிற கதைக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: உலகத்திலேயே பெரிய பலசாலி நம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான், அவன் அந்தப் பலத்தை என்ன செய்வான்? அவனை அறிமுகப்படுத்தும் வாசகத்திலேயே பதில் இருக்கும்: உலகிலேயே பலசாலியான, உலகிலேயே அன்பான கரடி.

அதற்காகப் பாம்சே கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். பாறையைத் தூக்குவான், பாலத்தைத் தாங்கிப் பிடிப்பான், ஓடுகிற ரயிலை நிறுத்துவான் என்கிற மாதிரியான கட்டங்கள் நிறைய உண்டு. குழந்தைக்கு வேண்டிய விருந்து அதுதான். பலத்தைப் பொருள்கள்மேல் காட்டுவதும் ஆட்கள்மேல் காட்டாமல் இருப்பதும் என்ற கோட்டை அவர் எங்கேயும் பாடமாகச் சொல்லவில்லை. படத்திலேயே வைத்துவிட்டார்.

கூட இருக்கும் இரண்டு நண்பர்களும் இதே யோசனையில் பிறந்தவர்கள். லில்லெ ஸ்கட் ஒரு முயல், தபால்காரன். பெயருக்குச் 'சின்னத் துள்ளல்' என்று அர்த்தம். எதற்கெடுத்தாலும் நடுங்குவான், காது இரண்டும் ஆடும். ஆனால் ஒரு சாகசத்துக்கும் வராமல் இருக்க மாட்டான். பயந்துகொண்டே வருவான். பயப்படுகிற குழந்தையை இந்தக் காமிக்ஸ் கேலி செய்வதில்லை, அதன் கூடவே நடக்கிறது. எனக்குக் கேட்டால் பாம்சேவைவிட லில்லெ ஸ்கட்தான் அந்திரேயாசோனின் நுட்பமான படைப்பு என்பேன்.

இன்னொருவன் ஸ்கால்மன், ஆமை. உலகிலேயே அறிவாளி, எதையும் கண்டுபிடிப்பான், அவன் ஓட்டுக்குள் கை விட்டால் வேண்டிய கருவி வெளியே வரும். ஆனால் அவனிடம் ஒரு கடிகாரம் உண்டு. அது அடித்தால் சாப்பிட வேண்டும், இன்னொரு முறை அடித்தால் தூங்க வேண்டும். எந்த ஆபத்தானாலும் சரி. எல்லாரும் வில்லனிடம் மாட்டிக்கொண்டு, தப்பிக்க வழி தெரிந்த ஒரே ஆளாக ஸ்கால்மன் வாயைத் திறக்கும்போது கடிகாரம் அடிக்கும். அந்த இடத்திலேயே சுருண்டு படுத்துவிடுவான். கதை சொல்பவருக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள். அறிவாளி கூட இருந்தால் பிரச்சினை இரண்டு கட்டத்தில் தீர்ந்துவிடும், அதைத் தள்ளிப்போட ஒரு கடிகாரம் போதும். குழந்தைக்கோ அது வேறு விதமாகப் போய்ச் சேர்கிறது: வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்தக் கடிகாரத்தின் பெயர் இன்று ஸ்வீடிஷ் மொழியின் அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. நேரம் தவறாமல் பசிக்கிற, தூக்கம் வருகிற ஆளிடம் 'சாப்பாட்டு-தூக்கக் கடிகாரம்' இருக்கிறது என்பார்கள்.

இப்போது ஓநாய். இந்தப் பதிலை எழுத எனக்கு ஆசை வந்ததே ஓநாயால்தான்.

தொடக்கத்தில் அவன் வழக்கமான வில்லன். திருடுவான், மிரட்டுவான், தோற்று ஓடுவான். வேறு ஒருவராக இருந்தால் நூறு இதழுக்கு அவனை அப்படியே ஓட்டியிருப்பார், எந்த வாசகரும் குறை சொல்லியிருக்க மாட்டார். அந்திரேயாசோன் அவனுக்கு ஒரு சிறுவயதைக் கொடுத்தார். அன்பு காட்ட ஆளில்லாமல் கொள்ளைக்காரர்களிடம் வளர்ந்தவன் என்று காட்டினார். பாம்சே அவனிடம் நட்பாகப் பழகத் தொடங்கினான். ஓநாய் உடனே மாறிவிடவில்லை. பல இதழ்களில், கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் சந்தேகங்களோடும் சறுக்கல்களோடும்தான் பாம்சேயின் நெருங்கிய நண்பர்களில் ஒருவன் ஆனான். அடி வாங்கி யாரும் நல்லவராகிவிடுவதில்லை என்பது பாம்சேயின் நிலைப்பாடு. ஓநாயின் வாழ்க்கையே அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

'அடியாத மாடு படியாது', 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். என் வகுப்பில் பிரம்பு இருந்தது, வீட்டில் விசிறிக் காம்பு இருந்தது. அதனால் இந்த ஓநாய்க் கதைகளை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. இது ஒரு தனி மனிதரின் நல்ல மனது மட்டுமல்ல, அந்த நாடே அப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தது. 1978இல் ஸ்வீடனின் குழந்தை இலக்கிய எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் ஜெர்மனியில் ஒரு விருது வாங்கும்போது குழந்தைகளை அடிப்பதற்கு எதிராகவே பேசினார். 1979 ஜூலையில், பெற்றோர்கூடக் குழந்தையை அடிக்கக் கூடாது என்ற சட்டம் ஸ்வீடனில் அமலுக்கு வந்தது. உலகத்திலேயே முதல்முறை. சட்டம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று பால் அட்டைப்பெட்டிகளில் அந்தச் செய்தியை அச்சடித்தார்கள். காலையில் பெட்டியில் சட்டம், சாயங்காலம் மடியில் ஓநாய். பாம்சேயால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது மிகை. ஆனால் சட்டம் பெற்றோரிடம் சொன்னதை இந்தக் கரடி குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓநாய் திருந்தினால் வில்லனுக்கு எங்கே போவது? அதற்குத்தான் க்ரோசுஸ் சோர்க். நம் குபேரன் மாதிரி மேற்கத்தியர்களுக்குப் பழமொழியாகிவிட்ட லிடியா அரசன் குரோசஸின் பெயரை ஒரு வயல் எலிக்கு வைத்தார். ஊரிலேயே பெரிய பணக்காரன். காட்டை வெட்டுவான், ஆற்றை அழுக்காக்குவான், ஊர்க் கடைகளையெல்லாம் வளைத்துப் போட்டு விலையை ஏற்றுவான். அடியாள் வைத்திருப்பானே ஒழிய, அவனுடைய ஆயுதம் கையெழுத்துப் போட்ட காகிதம்தான். ஒப்பந்தம் போட்டு ஏமாற்றுகிறவனை இடித்தேனால் என்ன செய்ய முடியும்? இங்கே பாம்சே ஊரைக் கூட்டித்தான் ஆக வேண்டும், பேசித்தான் ஆக வேண்டும்.

இதனால் அந்திரேயாசோனுக்குத் திட்டும் கிடைத்தது. குழந்தைகள் இதழில் இடதுசாரிப் பிரச்சாரம் செய்கிறார் என்றார்கள். அவர் கருத்துள்ளவர்தான், மறைக்கவும் இல்லை. இனவெறிக்கு எதிராக, போருக்கு எதிராக, சுற்றுச்சூழலுக்காகக் கதைகள் இருந்தன. சில கதைகளில் கருத்து கதையைவிட ஒரு அடி முன்னால் போய்விடுவதும் உண்டு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், ஐந்து வயதுக் குழந்தைக்கு நியாயம் அநியாயம் புரியாது என்று நினைத்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று எனக்குப் பிடித்தது: பாம்சேயின் உலகத்தில் காலம் ஓடுகிறது. குழந்தைகள் காமிக்ஸில் இது அபூர்வம். டொனால்ட் டக்குக்கு எத்தனை வருடமானாலும் அதே மருமகன்கள், அதே காதலி. பாம்சே ப்ரும்மெலீசாவைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள்: ப்ரும், டெடி, நல்லெ-மாயா. முதல் இரண்டு பெயரையும் மேலே பார்த்தீர்கள், அவர் இளவயதில் வரைந்த கரடிகளின் பெயர்கள் அவை. நாலாவதாகப் பிறந்தவள் ப்ரும்மா. மற்றக் குழந்தைகளைவிட அவள் மெதுவாகத்தான் வளர்கிறாள். அதற்காக யாரும் அழுவதில்லை, எந்த மந்திரமும் அவளைச் சரிசெய்வதில்லை. குடும்பம் அவளுக்கு ஏற்றபடி நடக்கிறது, அவ்வளவுதான். அப்படி ஒரு குழந்தை உள்ள வீட்டில் இந்த இதழைப் பிரிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் சில வருடம் ஸ்வீடனில் வேலை பார்த்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது. ஊர் நூலகத்தில் பழைய பாம்சே இதழ்கள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கும். அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படங்களைக் காட்டுவேன். தேன் காய்ச்சும் பாட்டியை ஸ்வீடிஷில் 'ஃபார்மூர்' என்பார்கள், அப்பாவின் அம்மா. அம்மாவின் அம்மா என்றால் 'மூர்மூர்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் யோசிக்காமல் 'அப்பத்தா' என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். மகள் படத்தில் இருந்த கரடிப் பாட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம அப்பத்தா கம்மங்கூழ் காய்ச்சுற மாதிரியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இடித்தேன் எங்கள் வீட்டில் கூழின் நிறத்தில்தான் இருந்தது.

வேலை முறையைப் பற்றியும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காவிட்டாலும் கொஞ்சம் சொல்கிறேன். தனி இதழ் தொடங்கிய முதல் சில வருடங்களில் எழுதுவது, வரைவது இரண்டையும் அவரே பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு கையால் முடியாத அளவு வேலை கூடியது. ஸ்பெயின்காரரான ஃப்ரான்சிஸ்கோ தோரா, ஸ்வீடனின் பூ மிகானெக் போன்ற ஓவியர்கள் வரைய வந்தார்கள். கதையை மட்டும் அவர் விடவில்லை. சுமார் 1990 வரை கதைகள் அவருடைய மேசையிலிருந்துதான் போயின. இதழில் கதைக்கு நடுவே 'பாம்சே பள்ளி' என்று சில பக்கங்கள் வரும், விலங்குகள், வரலாறு, மற்ற நாட்டு மக்கள் என்று. பாடம் தனியாக, கதை தனியாக என்று நிற்காமல் பாம்சேயும் ஸ்கால்மனுமே வந்து சொல்வார்கள். எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தைகளுக்கு அதுவே முதல் வாசிப்பு.

படக்கோடு எளிமையானது. ஸ்வீடனின் படப்புத்தக மரபில் எல்சா பெஸ்கோவ் வரைந்த காட்டை யாராவது பார்த்திருந்தால், பாசி படர்ந்த மரமும் சின்னச் சின்ன வீடுகளும் பாம்சேயின் காட்டிலும் இருப்பதைக் கவனிக்கலாம். அந்த நுணுக்கமான நீர்வண்ணம் மட்டும் இதில் கிடையாது. தடித்த கோடு, தெளிவான வண்ணம், முகத்தில் உணர்ச்சி பளிச்சென்று தெரிய வேண்டும். நீலக் குல்லாயும் நீலக் கால்சட்டையும் போட்ட பழுப்புக் கரடியை ஒரு குழந்தை தானே வரைந்து பார்க்க முடியும். அதே 1966இல்தான் யான் லூஃப் என்ற இன்னொரு பெரிய ஸ்வீடன் கலைஞரின் புகழ்பெற்ற கடற்கொள்ளைத் தாத்தா படப்புத்தகமும் வந்தது. அவருடைய பக்கங்களில் மூலைக்கு மூலை ஏதாவது ஒளிந்திருக்கும், மணிக்கணக்கில் தேடலாம். வரைகலை என்று பார்த்தால் லூஃப்தான் உயரம். அந்திரேயாசோனின் பலம் பாத்திரங்களில் இருந்தது.

அவர் 1999 செப்டம்பர் 15 அன்று, ஸ்வீடனின் தென்கோடியில் ஸ்கோனெ பகுதியிலுள்ள வீக்கென் என்ற கடலோர ஊரில் காலமானார். எழுபத்து நாலு வயது. இதழ் வேறு எழுத்தாளர்களோடும் ஓவியர்களோடும் தொடர்ந்தது, மகன்கள் அதைக் கவனித்துக்கொண்டார்கள். 2014இல் முழுநீளத் திரைப்படம் வந்தது, அதற்குப் பிறகு இன்னும் சில. கோல்மோர்டென் விலங்குப் பூங்காவில் பாம்சேவுக்கென்றே ஒரு தனி உலகம் கட்டியிருக்கிறார்கள். அங்கே கரடி வேடம் போட்டவரைக் கட்டிக்கொள்ளக் குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள், பின்னால் நிற்கும் தாத்தா பாட்டிகளும் இதே கரடியோடு வளர்ந்தவர்கள்தான்.

படிக்க வேண்டுமென்றால் புதிய இதழில் தொடங்காதீர்கள். பழைய கதைகளைக் கெட்டி அட்டைத் தொகுப்புகளாகப் போட்டிருக்கிறார்கள், ஸ்வீடன் நூலகங்களில் கிடைக்கும். மொழி எளிது, ஸ்வீடிஷ் கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆனவர்கூடப் படித்துவிடலாம். 70களின் தொகுப்பிலிருந்து ஒன்றும் 80களின் தொகுப்பிலிருந்து ஒன்றும் சேர்த்து எடுங்கள். முதலாவதில் ஓநாய் வரும் இடங்களில் காகிதத் துண்டு செருகிவையுங்கள். பிறகு இரண்டாவதைத் திறந்து அவன் யார் வீட்டில், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று தேடிப் பாருங்கள்.